வெட்டி எறிந்த பேச்சு

மெம்ஃபிஸ் நகரில் ஒலிப்பதிவு செய்தவர்களில் ஹோசியா டன்ஸ்டால் மாதிரி ஒரு சுத்தக்காரர் கிடையாது. அதை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார், மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கிற ஆள் இல்லை. பழைய ரொட்டிக்கடையை ஸ்டுடியோவாக்கிய அந்த அறையில், பாட்டு பதிந்து முடிந்ததும் டேப்பை நீட்டிப் பிடித்து ரேசர் பிளேடால் அறுப்பார். இருமல், சிரிப்பு, வெட்டிப்பேச்சு, ட்ரம்ஸ்காரரின் ஏப்பம் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போகும். எத்தனையாவது தடவை பதிவது என்று அடையாளத்துக்காக 'டேக் ஒன்று', 'டேக் இரண்டு' என அவர் சொல்லும் குரலும் பாட்டும் மட்டும்தான் மிஞ்சும்.

அந்தப் பாட்டுகளைப் பாதி ஊரே முணுமுணுத்த காலம் ஒன்று இருந்தது. அவற்றைப் பாடியவள் ஒஸெல்லா, அவருடைய மனைவி. 1984 ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை அவள் இறந்துபோனாள். அதற்கு முன்னே இரண்டு வருஷமாகப் பக்கவாதம் அவள் நாக்கைக் கட்டிப்போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அப்பா பழைய டேப்புகளோடு உட்கார்ந்திருந்த கார் ஷெட்டுக்கு மகள் சார்லீன் வந்தாள். சர்ச் பெண்கள் கொண்டுவந்து குவித்த பொரித்த கோழியும் கேக்கும் வீட்டுக்குள் யாரும் தொடாமல் கிடந்தன.

"அப்பா, நாளைக்கு அடக்கத்துக்கு முன்னால சர்ச்சுல அம்மா குரல் கேக்கணும்ப்பா."

"பாட்டெல்லாம் போடக்கூடாதுன்னு பாஸ்டர் கண்டிப்பா சொல்லிட்டாரேம்மா. காதல் பாட்டு அங்க ஆகாது."

"பாட்டு யாருக்கு வேணும்? அது ஊர்ல எல்லார் வீட்லயும் இருக்கு. எனக்கு அம்மா பேசணும். பேசுனா பரவால்லன்னு பாஸ்டரே சொன்னாரு." "எனக்கு மறந்துபோச்சுப்பா. அம்மா என்னை எப்படிக் கூப்பிடும்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், வரமாட்டேங்குது."

ஹோசியாவுக்கும் மறந்துபோயிருந்தது, வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். மூன்று டேப் மெஷின் இருந்த வீட்டில், உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்று அவள் சொன்னதை ஒருத்தரும் பதிந்து வைக்கவில்லை.

"இரு, தேடிடலாம். எங்கயாவது ஒரு வார்த்தை இருக்கும்," என்றார்.

பதினான்கு டேப் பெட்டிகள். வெயிலில் தகரக் கூரை காய்ந்தது. ஒவ்வொன்றாகப் போட்டார். 'டேக் மூன்று' என்று அவருடைய இளவயதுக் குரல் அதிகாரமாகச் சொல்லும், உடனே பாட்டு. 'டேக் ஒன்பது', உடனே பாட்டு. நடுவில் ஒரு மூச்சுக்கூட இல்லை. முன்பெல்லாம் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது, எல்லாத்துலயும் நீங்களே பேசறீங்க?"

"நான்தாம்மா வெட்டினேன்."

"அம்மா பேசுனதையா?"

"பாட்டு சுத்தமா இருக்கணும்னு..."

சார்லீன் கீழே உட்கார்ந்து காலிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

கடைசி டேப் 1952. அவர்கள் கல்யாணம் ஆன வருஷம். 'டேக் ஏழு' என்று தொடங்கிய குரல் அதோடு நிற்கவில்லை, கொஞ்சம் குழைந்தது. 'ஒஸெல்லா, ரெடியா கண்ணு?'

அடுத்து, டேப்பை அறுத்து ஒட்டியிருந்த இடம் மெஷினின் வாசிக்கும் முனையைக் கடந்தது. பாட்டு வந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு அவள் ஏதோ சொன்னாள். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரைக் கிண்டல் செய்தாள், வாத்தியக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் வாய் அசைவதுகூட நினைவில் இருந்தது, சொன்னது மட்டும் வரவில்லை. நாலு அடி டேப்தான் இருந்திருக்கும். அதை அறுத்துக் கூடையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்திருப்பார். ஹோசியா மெஷின்மேல் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதார். மகள் வந்து முதுகைத் தடவினாள்.

"இதையே போடலாம்ப்பா. அம்மா பேராவது வருதே," என்றாள்.

சனிக்கிழமை சர்ச் நிறைந்திருந்தது. அந்தச் சபைக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில் யார் என்ன சொன்னாலும் கீழேயிருந்து பதில் வராமல் இருக்காது. பிரசங்கியார் தும்மினால்கூட நாலு பேர் ஆமென் போடுவார்கள்.

பாஸ்டர் ஹோசியாவின் காதோரம் குனிந்தார். "பிரதர், பேச்சு மட்டும்தானே?"

"பேச்சு மட்டும்தான்."

சவப்பெட்டியைச் சுற்றிப் பூக்கள். ஹோசியா, வீட்டிலிருந்து கொண்டுவந்த டேப் மெஷினின் பொத்தானை அழுத்தினார். 'டேக் ஏழு. ஒஸெல்லா, ரெடியா கண்ணு?'

ஒட்டு வந்த இடத்தில் கச்சிதமாக நிறுத்தினார். கொஞ்சம் தாமதித்திருந்தால் அவள் பாட்டின் முதல் எழுத்தாவது வெளியே வந்திருக்கும். அறுபத்தாறு வயதிலும் பாழாய்ப்போன அந்தக் கை தவறவில்லை.

கேள்வி ஒஸெல்லாவுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் யாரும் பதில் சொல்லவில்லை. பின்வரிசையில் மட்டும் ஒரு அம்மாள், பாடவந்து தயங்கி நிற்பவர்களுக்கு எப்போதும் சொல்கிற வழக்கத்தில், விசிறியை ஆட்டியபடி சொன்னாள்:

"அவசரமே இல்லம்மா. மெதுவா சொல்லு."

எல்லோரும் காத்திருந்தார்கள். ஹோசியாவும் பொத்தானில் விரலை வைத்தபடி காத்திருந்தார்.