வேண்டுதல் கிடா

கிடா காணாமல் போனதில் என் மாமியார் வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே சொல்ல முடியுமா? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஐயையோ, எப்பலேர்ந்து காணும் அத்தை?" என்று கேட்டேன். மனசுக்குள், ட்ரோன் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்ற யோசனை ஓடியது.

கடலூரில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். செம்மண்டலத்தில் வீடு, கீழேயே ஸ்டூடியோ. சுற்றுவட்டாரத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் என் மாமியார் புஷ்பவள்ளிக்கு, காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினால்தான் அது வேலை. என் ட்ரோனைக் கல்யாணத்தன்று பார்த்துவிட்டு, "மாப்ளைக்கு இன்னும் வெளாட்டு புத்தி போவல" என்று சிரித்தவர் அவர். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

கல்யாணமாகி இது முதல் ஆடி. முறைப்படி என் மனைவி அருள்மொழியை மாதப் பிறப்புக்கு முன்பே தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலுக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் ஊர். மாரியம்மன் படையலுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மகளுக்கு நல்ல இடம் அமைந்தால் கிடா வெட்டுவதாக மாமியாருக்கு வேண்டுதல். நிச்சயத்தன்று குட்டியாக வாங்கியது இப்போது கொம்பு முறுக்கி நின்றது. நாளைக்கு அதை வெட்ட வேண்டும். ஆக, அந்தக் கிடா சாகப் போவது என்னால்தான். நல்ல இடம் நான்தானே.

காலையில் பார்த்தால் முளைக்குச்சி மட்டும் நிற்கிறது, கிடாவைக் காணோம். தேடிக்கொண்டு போன மாமனார் சுப்பராயலு மதியம் வரை திரும்பவில்லை. மாமியார் அழவே ஆரம்பித்துவிட்டார். "ஆத்தாளுக்குன்னு சொன்னது. நாளைக்கு வெறுங்கையோட போயி நின்னா எம் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆயிடுமே" என்றார்.

"அழாதீங்கத்தை. அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டுமல்லவா? ட்ரோன் காட்டும் படம் என் போனில் வரும். அந்தப் போனை ஹாலில் இருந்த டிவியோடு வைஃபை வழியாக இணைத்தேன். மாமியார், அருள்மொழி, படையலுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். நான் மொட்டை மாடிக்குப் போய் ட்ரோனை ஏற்றினேன். பந்தா என்றால் அப்படி ஒரு பந்தா.

வயல் போயிற்று, வாய்க்கால் போயிற்று, சவுக்குத் தோப்பு வந்தது. "அதோ நம்ம வூடு", "தே, கோயிலு" என்று கீழேயிருந்து ஒரே கூச்சல். தோப்பின் நடுவே ஒரு பழைய மோட்டார் கொட்டகை. அதன் பின்னால் ஏதோ கறுப்பாக அசைந்தது. ட்ரோனைத் தாழ இறக்கினேன். கிடாவேதான்! கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கிடாவின் பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார்.

தேடிப் பிடித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிடித்தவர் வீட்டுக்கு வராமல் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார்? அவர் மடியில் ஒரு இலந்தைக் கிளை. முள்ளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுவிட்டு இலையைக் கிடாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அது தின்றுவிட்டு அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், படுக்க ஒரு சாக்கு. ஒளித்துவைத்தவரே அவர்தான்.

சத்தம் கேட்டு மாமா அண்ணாந்து பார்த்தார். பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கிடாவின் மேல் போட்டார். துண்டு எவ்வளவுதான் மறைக்கும்? இந்தப் பக்கம் கொம்பும் அந்தப் பக்கம் வாலும் தெரிந்தன. பிறகு ட்ரோனை நோக்கி இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார்.

மாமனார் மாப்பிள்ளையைக் கும்பிடுவதாவது! சட்டென்று ட்ரோனை வாய்க்கால் பக்கம் திருப்பினேன். "இங்க ஒண்ணும் இல்லீங்கத்தை! தோப்பு காலியா கெடக்கு!" என்று மாடியிலிருந்து கத்தினேன்.

கீழே ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் எனக்கு டிவி நினைவுக்கு வந்தது.

ட்ரோனை வரவழைத்துவிட்டு இறங்கிப் போனேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அருள்மொழி அழுதுகொண்டிருந்தாள். "எனக்கும் அப்பா இப்படித்தாம்மா மீன்ல முள்ளு எடுத்துக் குடுப்பாரு" என்றாள்.

மாமியார் வெறும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்ன அனுப்பி வச்ச அன்னிக்கி எல்லாரும் அழுவுறோம், இந்த மனுஷன் கொல்லையில போயி குட்டிக்குத் தழை ஒடிச்சிகிட்டு நின்னாரு. கல்நெஞ்சுன்னு திட்டுனேன்டி" என்றார்.

"வெட்டாதம்மா. அப்பா மனசு நொந்தா, அதாம்மா எனக்கு ஆவாது."



வெயில் தாழ்வதற்குள் மாமாவே வந்துவிட்டார், கிடாவைக் கையில் பிடித்துக்கொண்டு. மாப்பிள்ளை பார்த்துவிட்டார், இனிமேல் மறைக்க முடியாது என்று முடிவுகட்டியிருப்பார் போல. கயிற்றை மாமியாரிடம் நீட்டினார். "நாந்தான் ஓட்டிகிட்டுப் போனேன். ஆத்தாளுக்குச் சொன்னத மாத்தக்கூடாது. இந்தா புடி" என்றார்.

மாமியார் கயிற்றை வாங்கவில்லை. "எங்கிட்ட எதுக்குக் குடுக்குறீங்க? வெயில்ல நடந்து வந்திருக்கு, தண்ணி காட்டுங்க. நாளைக்கிப் பூசணிக்காய்ல குங்குமத்தத் தடவி வெட்டிக்கலாம். வேண்டிகிட்டவ நானு. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

மாமா கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் வாய்விட்டு அழுதார். மகளை அனுப்பிய அன்று அழாததையும் சேர்த்து அழுதார். அந்த மகளை அழைத்துப் போனவன் நான்தானே.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஏன் மாப்ள, தோப்பு காலியாவா கெடந்துச்சு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பொய்யக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல உங்களுக்கு. ஆத்தா நல்ல எடமாத்தான் காட்டியிருக்கா" என்றார். இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மொத ஆடிக்கி வந்த மாப்ளைக்குக் கறி இல்லாம போச்சே" என்று சங்கடப்பட்டார்.

"அதுக்கென்னா, வூட்டுலதான் கோழி இருக்குதே. ஒண்ண அடிச்சிட்டா போவுது" என்றார் மாமியார்.

மாமாவின் முகம் மாறியது. "எந்தக் கோழி?" என்றார்.