புளி போட்டுத் தேய்த்த தோட்டா

ஆஞ்சப்பனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும் என்பது ராயக்கோட்டை ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்தாறாம் வருஷத்து விஜயதசமி காலை, வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் சென்னகிருஷ்ணனின் மாந்தோப்பு வீட்டுக்குள் கால் வைத்ததுமே அது சிவந்துவிட்டது. கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால், பித்தளைத் தாம்பாளத்தில் முப்பது துப்பாக்கித் தோட்டாக்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றும் கல்யாண வீட்டுக் குத்துவிளக்குபோல் மின்னியது. அந்த மினுமினுப்புதான் அவனுக்குக் கோபத்தை மூட்டியது.

அவற்றின் பித்தளைக் கூடெல்லாம் அவன் கைவேலை. துப்பாக்கி, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் சென்னகிருஷ்ணன் வாங்கியது. அதற்கான தோட்டா சீமையிலிருந்து வருவது நின்றுபோய் வருஷக்கணக்காகிறது. உலகச் சண்டைக் காலத்தில் பெங்களூர்ப் பட்டறையில் லேத் ஓட்டிய ஆஞ்சப்பன், வேறு துப்பாக்கியில் சுட்டுப்போட்ட நீளமான கூடுகளை எடுத்து, கழுத்தைச் சூடுகாட்டி இளக்கி, எஃகு அச்சில் இறக்கி, வாயைச் சீவி இதற்குப் பொருந்துகிற மாதிரி ஆக்கித் தருவான். மருந்தும் குண்டும் அடைப்பது மட்டும் சென்னகிருஷ்ணன். அந்தப் பெருமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கூடு செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கூடு பொறுக்குவதுதான் வித்தை. நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அடிப்பக்கத்துச் சுவரை மெதுவாகத் தடவ வேண்டும். எங்காவது கம்பி மாட்டினால் அங்கே பித்தளை உள்ளுக்குள் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த தடவை சுடும்போது கூடு அங்கே அறுந்து, நெருப்பு பின்னால் பாய்ந்து சுடுகிறவன் முகத்தில் அடிக்கும்.

இந்தத் தடவை எழுபத்திரண்டில் பதினான்கு தேறவில்லை. ஆஞ்சப்பன் அவற்றை அங்கேயே நசுக்கிப் போட்டிருப்பான். சென்னகிருஷ்ணன் விட்டால்தானே! "ஒரு கூடு குறையக் கூடாது. நசுக்கிட்டேன்னு சொல்லிட்டு வேற எவனுக்காச்சும் குடுத்திருவே" என்று முகத்துக்கு நேரே சொன்ன மனுஷர். அதனால் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, பதினான்குக்கும் கருப்பு வளையம் போட்டு, தனி டப்பாவில் அடைத்துக் கொடுத்தான். கருப்பு வளையத்தைத் தொடாதீர்கள் என்று வாயாலும் மூன்று தடவை சொன்னான்.

இப்போது தாம்பாளத்தில் ஒரு கருப்பு வளையமும் இல்லை. சந்தேகத்தோடு மூலையில் இருந்த டப்பாக்களைத் திறந்து பார்த்தான். ஒன்று காலி. இன்னொன்றில் மிச்சக் கூடுகள் எல்லாம் கலந்து கிடந்தன, எல்லாம் பளபளவென்று.

"பாத்தியாண்ணா, எப்பிடி மின்னுது!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவன் தங்கை முனிலட்சுமி. அந்த வீட்டில்தான் பாத்திரம் தேய்க்கிறாள். "ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் கழுவச் சொன்னாங்க எசமானம்மா. ரெண்டு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிப் புளித்தண்ணியில ஊற வெச்சேன். சிலதுல ஒரே கரிண்ணா. சாம்பல் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கையே விட்டுப்போச்சு. அப்பறந்தான் எசமான் மருந்து அடைச்சாரு."

அவளை என்ன சொல்வது? பித்தளையைக் கண்டால் புளியைத் தேடுகிற கை அது. ஆனால் அவள் புருஷன் திம்மப்பன்தான் இந்தத் தோட்டத்துக் காவல்காரன். புதிதாக அடைத்த தோட்டாவை முதலில் அவன் கையில் கொடுத்துச் சுடச் சொல்வது சென்னகிருஷ்ணனின் வழக்கம். அடுத்தவன் காலை விட்டு ஆழம் பார்க்கிற ரகம். வாசலில் திம்மப்பன் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடலைக்காட்டில் இறங்கும் பன்றிகளைச் சுட பெங்களூரிலிருந்து விருந்தாளிகள் காரில் வருகிறார்கள்.

ஆஞ்சப்பன் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். சென்னகிருஷ்ணன் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"எசமான், கழிச்ச கூடும் இதுல கலந்துபோச்சு. முப்பதுல அஞ்சாறாவது இருக்கும். எல்லாத்தையும் பிரிச்சு மருந்தைக் கொட்டுங்க. கம்பி விட்டுப் பாத்து, பொழுது சாயறதுக்குள்ள தர்றேன்."

"கார் வர்ற நேரத்துல பிரிக்கறதா? எல்லாம் புதுசாட்டம் இருக்குது, பாரு."

"வெளிய பாத்தா தெரியாதுங்க. தெரியறதுக்குப் போட்ட வளையத்தைத்தான் தேய்ச்சுப்புட்டாங்களே."

"திம்மப்பன் ரெண்டு சுட்டுப் பாக்கட்டும். ஏதாச்சும் ஆனா பாத்துக்கலாம்."

"எதைப் பாத்துக்கறது? கண்ணு போனப்பறம் எதைப் பாத்துக்கறது?"

"சும்னிரு!" என்று அதட்டினார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

ஆஞ்சப்பன் சும்மா இருக்கவில்லை. பத்து வருஷமாகச் சும்மா இருந்ததெல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தது. திம்மப்பன் மடியிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி, தாம்பாளத்தோடு அவர் முன்னால் நீட்டினான். "அப்ப முதல் தோட்டா நீங்க சுடுங்க. நீங்களே ஒண்ணு எடுத்துக்கங்க."

சென்னகிருஷ்ணன் அவனை முறைத்தார். விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, ஒரு தோட்டாவை எடுத்து விரலில் உருட்டினார். உருட்டிக்கொண்டே இருந்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி நாராயணம்மா ஓடிவந்தாள். "ஐயோ, வேணாங்க! மூஞ்சியில கீஞ்சியில பட்டுச்சுன்னா? திம்மப்பன்தான் இருக்கானே!"

அந்தம்மாள் கெட்டவள் இல்லை. தீபாவளிக்கு முனிலட்சுமிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறவள். அதனால்தான் அந்த வார்த்தை ஆஞ்சப்பனுக்கு இன்னும் எரிந்தது. சென்னகிருஷ்ணன் மனைவியின் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்போல் துப்பாக்கியைத் திம்மப்பனிடம் நீட்டினார். அந்தப் பாவியும் பழக்கதோஷத்தில் எழுந்து வாங்கிக்கொண்டான்.

கதவோரம் நின்ற முனிலட்சுமி விறுவிறுவென்று வந்தாள். அண்ணன் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கினாள். தோப்புக் கிணறு பத்தடி தூரம். யாருக்கும் புரிவதற்குள் தாம்பாளத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தோட்டாக்கள் தண்ணீரில் விழுந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

"தேய்ச்சதும் நாந்தாங்கம்மா, தொலைச்சதும் நாந்தான்" என்றாள். நாராயணம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கன்னடத்தில் இருக்கிற வசவெல்லாம் சென்னகிருஷ்ணன் வாயில் வந்தது. முனிலட்சுமி காலித் தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஆஞ்சப்பன் உள்ளே போய் மிச்சக் கூடுகள் இருந்த டப்பாவை எடுத்து வந்து, அவர் காலடியிலேயே படியில் உட்கார்ந்தான். தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து கம்பியையும் சுத்தியலையும் எடுத்தான். முதல் கூடு வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கம்பி மாட்டியது. அதைக் கல்படியில் வைத்து ஒரே போடாகப் போட்டான். தகடாகிப்போன பித்தளையை எடுத்து, ஒரு கையில் தோட்டாவை விடாமல் பிடித்திருந்தவரின் மறு கையில் திணித்தான்.

"இந்தாங்க, ஒண்ணு. குறையாம எண்ணிக்கங்க."

தோப்பு முனையில் கார் ஹாரன் கேட்டது. திம்மப்பன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு மைத்துனன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அடுத்த கூட்டை அவனே எடுத்துக் கொடுத்தான்.