நாலாவது நாற்று

நெல்லைக் குத்தி முடித்துப் பெண்டாட்டி பாப்பாயி முறத்தைக் கையில் எடுத்த பிறகுதான் மருதைக்கு உறைத்தது. வாய்க்கரிசிக்கு நெல் வேண்டுமென்று கேட்டதும் பரணிலிருந்து கைக்கு அகப்பட்ட பானையை இறக்கிக் கொடுத்தது அவர்தான். கழுத்தில் சிவப்பு நூல் கட்டிய பானை. தம்பி பிச்சையின் விதைநெல்.

உரலுக்குள் கையை விட்டார். உமியும் அரிசியுமாக வந்தது.

"என்னங்க தேடுறீங்க?" என்றாள் பாப்பாயி.

"ஒண்ணுமில்ல. பொடை."

கூடத்தில் பிச்சை கிடந்தான். விடியற்காலம் போன உயிர். தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷத்துப் பெரிய வெள்ளத்தில் பன்னிரண்டு நாள் முழுகிய வயலில் அவன் கண்டது பச்சையாக நின்ற ஒரே ஒரு தூர். அன்று பிடித்த பைத்தியம். அதன் கதிர்களைத் தனித்தனி வரிசையாக விதைத்து, நாற்றைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பான். நாலில் மூன்று நிற்கும், ஒன்று அழுகும். நின்றதன் நெல்லை மறுபடி தனித்தனியாக விதைப்பான். ஒன்றுகூட அழுகாத வம்சம் வேண்டுமாம். "நெல்லுக்கு ஜாதகம் பாக்குறான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் மருதை. பதினாலு வருஷம். கடைசியில் கிடைத்துவிட்டது என்றான். அதைத்தான் இப்போது குத்தியாயிற்று.

அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு தம்பி தலைமாட்டில் குனிந்தார். கை வாய்க்குப் போகவில்லை.

"மாரியாயி, அந்த நூல் கட்டுன பானைய நான்தான் எடுத்துக் குடுத்துட்டேன். தெரியாமப் பண்ணிட்டேம்மா."

பிச்சையின் பெண்டாட்டி மாரியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அது வீட்டு நெல்லு, மாமா."

"நூலு?"

"போன வருசம் ஒரு பான விதைய வேகவச்சு மாட்டுக்குப் போட்டீங்கள்ல. அதுலேருந்து உங்க கைக்கு அகப்படட்டும்னே வீட்டு நெல்ல வேற பானையில போட்டு நூல் கட்டி வச்சிருந்தாரு."

கோபம் வந்திருக்க வேண்டும். மூச்சுதான் வந்தது. தம்பி வாயில் அரிசியைப் போட்டார்.

"அசல் எங்க இருக்கு?"

"ஆத்தோர நாத்தங்கால்ல, எல்லாத்தையும் விதைச்சிட்டாரு. நான் முக்கிப் பாத்தது போதும், இனி ஆறே பாக்கட்டும்னாரு. அப்புறந்தான் காய்ச்சல்ல படுத்தாரு."

கொள்ளிடத்தில் வெள்ளம் ஏறி எட்டு நாள் ஆகிறது. நேற்றுத்தான் வடிந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

எரித்துவிட்டு ஆற்றில் முழுகி எழுந்ததும், மருதை ஈர வேட்டியோடு நாற்றங்காலுக்கு நடந்தார். பக்கத்து நாற்றங்கால்களெல்லாம் கறுத்துக் குழைந்து நாறின. பிச்சையுடையதும் வண்டல் அப்பிச் சாய்ந்துதான் கிடந்தது.

உட்கார்ந்து ஒரு நாற்றைப் பிடித்து, வேட்டி நுனியைப் பிழிந்து கழுவினார். பச்சை. அடுத்தது பச்சை. மூன்றாவதும். நாலாவதைக் கழுவினார். அழுகவில்லை. எட்டாவதைக் கழுவினார்.

"மருதையண்ணே, வாங்க, வீட்டுல வெளக்கக் கும்பிட்டுட்டுக் கலையணும்" என்று கரையிலிருந்து கூப்பிட்டார்கள்.

"போங்கடா. இன்னும் மூணு வரிச கெடக்கு."

வேட்டி காய்ந்துவிட்டது. வாய்க்கால் தண்ணீரைக் கையில் அள்ளிக்கொண்டு அடுத்த நாற்றுக்கு நகர்ந்தார்.