கூரையேறிய புகழுரைகள்

ஆகஸ்டு மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பாளையங்கோட்டை ஆலயமொன்றின் அலுவலறையில், மேசைமேல் கிடந்த புகழுரைத் தாள்கள் முப்பத்தேழும் எழுந்துபோய்க் கூரையில் ஒட்டிக்கொண்டன. முப்பத்தெட்டாம் தாள் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. தமிழாசிரியையும், இருபத்திரண்டு ஆண்டுகளாக அவ்வாலயத்தில் பாட்டுக்கு வாசிப்பவருமான கெசியா, முதலில் மின்விசிறியை ஐயுற்றார்; அது ஓடவில்லை. பிறகு சன்னலை ஐயுற்றார், அது சாத்தியிருந்தது. அதன்பின் செயலர் நேசையாவை ஐயுற்றார்.

சபையார் சேர்ந்துண்ணும் அசனப் பண்டிகைக்குள் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயில் ஒரு கீபோர்டு வாங்குவதென்று முடிவாகியிருந்தது. தரம் சோதித்ததாகக் கெசியா கையொப்பமிட வேண்டியதுதான் பாக்கி. வாசித்தவர்களின் கருத்துகள் என்று கடைக்காரர் அச்சிட்டுக் கொடுத்த முப்பத்தேழு தாள்களில் பத்தை அவர் படித்திருந்தார். பத்திலும் ஓர் "ஆனால்" இல்லை. பத்திலும் "இதற்க்கு ஈடு இல்லை" என்று இருந்தது. றகர ஒற்றையடுத்து இன்னோர் ஒற்று வாராது என்பது ஆறாம் வகுப்புப் பாடம். பத்துப் பேரும் ஒரே இடத்தில் வழுக்கி விழுவார்களா? பதினோராம் தாளைத் தொடும்போதுதான் அவை எழுந்தன. மேசையில் தங்கியது, அவரே இணையத்தில் தேடியெடுத்த தாள். மேலப்பாளையத்தில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் தாஜ் முகம்மது எழுதியது. "சத்தம் நள்ளா இருக்கு. ஆனா மழை ஈரத்துல ரெண்டு கட்டை அமுங்குனா எந்திரிக்காது. விளை அதிகம்." இரண்டு ளகரத்தையும் கெசியா சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

நேசையா அண்ணாந்து பார்த்தார். "தாளு எங்கன இருந்தா என்ன டீச்சர்? கையெழுத்தப் போடுங்க. நீங்க போடலன்னா வாசிக்கப் பழகுத ஹெப்ரான் தம்பி போடுதான். அசனத்துக்கும் அவனே வாசிக்கட்டும்."

அன்று மாலையே கெசியா மேலப்பாளையம் போனார். தாஜ் முகம்மதுவும் ஐயப்பிராணியாகவே இருந்தார். "கடைக்காரன் அனுப்புன ஆளா?" என்று வாசலிலேயே மறித்தார். "எழுதுனத அழிக்கச் சொல்லி நாலு தடவ வந்துட்டான். அழிச்சா கீபோர்டு வைக்க ஸ்டாண்டு சும்மா தாரேங்கான்."

"நான் தமிழ் டீச்சர்."

"அப்பம் பிழை பாக்க வந்திருக்கியளோ?" என்று சிரித்து, தம்மிடமிருந்த அதே வகைக் கீபோர்டை ஈரத்துணியால் சிறிது நேரம் மூடிவைத்துத் திறந்து காட்டினார். இரண்டு கட்டைகள் அமுங்கியபடியே கிடந்தன. "பெட்டி நல்லதுதான் டீச்சர். மழையில கல்யாணம் வைக்காதவுக வாங்கலாம்."

ஸ்டாண்டு என்ற சொல் ஏன் தைத்தது என்று கெசியா தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள், ஆலயத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த காசிலிங்கத்தின் ஏணியை வாங்கி, எழுதிய கை ஒன்றுதான் என்று நிறுவும் உறுதியோடு கூரைவரை ஏறினார். முப்பத்தாறு தாள்களில் "இதற்க்கு" இருந்தது. முப்பத்தேழாவதில் "இதற்கு" என்று பிழையின்றி இருந்தது; அடியில், கெசியா என்ற பெயர். சென்ற ஆண்டு கடையில் ஐந்து நிமிடம் வாசித்து, ஒரு கட்டை மந்தமாக எழுந்ததை உணர்ந்தும் எழுதாமல் விட்டு, கடைக்காரர் கொடுத்த ஸ்டாண்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். ஒற்றுச் சரியான தாள் கூரையில் ஒட்டியிருந்தது. பிழை மலிந்த தாள் மேசையில் கனத்துக் கிடந்தது. இதை ஒப்புக்கொள்ள அவருக்கு ஏணியின்மேல் அரைமணி நேரமாயிற்று. பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, தம் வரியின் முற்றுப்புள்ளியை அடித்து, "ஆனால்" என்று தொடங்கி, மந்தக் கட்டையையும் ஸ்டாண்டையும் எழுதினார். தாள் பைய இறங்கி, தாஜ் முகம்மதுவின் தாள்மேல் அமர்ந்தது.

கையொப்பமிடாமல், அவ்விரு தாள்களையும் சபைக் கூட்டத்தில் அவரே படித்தார். "ஒரு ஸ்டாண்டுக்கா டீச்சர்?" என்றார் நேசையா. கெசியா மறுக்கவில்லை. வாங்குவது நின்றது, அசனத்துக்கு ஹெப்ரான் பழைய பெட்டியில் வாசித்தான். ஐப்பசி மழையில் வேறொரு கீபோர்டை மூன்று நாள் இரவல் வாங்கி, ஈரத்தில் வைத்து, தாஜ் முகம்மதுவை அழைத்து வாசிக்கச் செய்து, அவர் சொன்ன நான்கு குறைகளையும் எழுதிக்கொண்ட பிறகே வாங்கினார்கள். கிறிஸ்துமஸுக்குக் கெசியா வாசிப்பவர் இருக்கைக்குத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு அலுவலறைக்கு வெள்ளையடித்த காசிலிங்கம், கூரையிலிருந்த முப்பத்தாறு தாள்களிலும் படாமல் சுற்றிலும் அடித்துவிட்டு, "இன்னும் வருமா டீச்சர்? இடம் விடணுமா?" என்று கேட்டார்.

கெசியா அண்ணாந்து பார்த்துச் சற்று யோசித்தார். பிறகு, கொஞ்சம் விடச் சொன்னார்.