வலியோடு வரவேண்டிய நாள்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்கு வலது கண் ஒரு வருடமாக ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. கண்ணில் வளர்ந்த சதையை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். புண் ஆறியது, வலி மட்டும் குடித்தனம் வந்துவிட்டது. காற்று பட்டால் போதும், மணலை வாரி அப்பியதுபோல எரியும். அவள் வேனை இப்போது வேறொருவன் ஓட்டுகிறான்.

"கண்ணுல கோளாறு இல்ல. நரம்புதான் அடங்க மாட்டேங்குது," என்றார் டாக்டரம்மா. "புருவத்துக்கு மேல மரத்துப்போற ஊசி போட்டுப் பாப்போம். வலி எறங்குச்சுன்னா, அதே நரம்புக்கு ஊசி முனையால லேசா மின் துடிப்பு குடுக்கலாம். வெட்டுறது, தைக்கிறது கிடையாது. ஆனா அன்னைக்கு மாத்திரை போடாம, வலியோட வரணும். வலி இருந்தாத்தானே எறங்குறது தெரியும்?"

அந்த நாளும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். அக்கா கொடுத்த டீயைக் குடித்தாள். இருவரும் பஸ் ஏறினார்கள்.

"பத்துக்கு எவ்வளவு வலி?" என்று கேட்டார் டாக்டரம்மா.

வாயெடுத்தவள் திகைத்தாள். "மூணு... மூணுதான் இருக்கும்."

போயும் போயும் இன்றைக்கா இந்தக் கண்ணுக்கு நல்ல புத்தி வர வேண்டும்?

அக்கா கைப்பையின் வாரைத் திருகினாள். "டீயில மாத்திரைய நுணுக்கிப் போட்டேன். நீ செவுத்துல முட்டிக்கிட்டு நின்னத என்னால பாக்க முடியலடி."

"அடிப்பாவி! விஷத்தப் போட்டிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அடுத்த மாசம் வாங்க."

"பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள நான் வண்டில ஏறணும் டாக்டர். இல்லன்னா அந்த ஆளையே நிரந்தரமாக்கிடுவாங்க. மாத்திரையோட வேகம் எப்ப எறங்கும்?"

"மதியத்துக்கு மேல. நான் சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்."

வராந்தாக் கோடியில் சுவர் மின்விசிறி ஒன்று தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை நாளாக வலிக்குப் பயந்து ஒளிந்தவள், இன்று வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அதை அழைத்தாள். அது வந்தது. நெற்றி தெறித்தது, கன்னம் நனைந்தது.

அக்கா பொறுக்க முடியாமல் சுவிட்சை நோக்கி எழுந்தாள். இவள் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கை வச்ச, நம்ம உறவு இன்னையோட சரி."

அக்கா உட்கார்ந்தாள். பிடித்த கையை இவள் விடவில்லை. அழுதது அக்காதான் அதிகம்.

"எட்டு," என்றாள் உள்ளே போய்.

மெல்லிய ஊசி புருவத்துக்கு மேல் இறங்கியது. நெற்றி மெல்ல மரத்தது. டாக்டரம்மா காத்திருந்தார்.

"இப்ப?"

அவள் அவசரப்படவில்லை. ஆசைக்குச் சொல்கிறோமோ என்று கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு. நெசமாவே ரெண்டு."

"இந்த மருந்து கொஞ்ச நேரத்துல போயிடும். வலி திரும்பும்."

"வரட்டும். மின் துடிப்பு எப்ப?"

"அடுத்த வியாழக்கிழமை."

"அதுக்கு முன்னாடி நாள் குறிச்ச யாராவது வராமப் போனா, அந்த எடத்துக்கு என்னைக் கூப்பிடுங்க," என்றாள் அவள். "அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துடுவேன்."