நாற்றம் நீக்கிய மீன்

தைத்திங்கள் முழுநிலவு நெருங்கும் நாள்களில், தொன்லேசாப் ஆறு தன் வெள்ளத்தையெல்லாம் வாரி வழங்கி இளைத்து, மடித்துப் போட்ட பழுப்புத் துகில்போல் கரைகளுக்கிடையே கிடக்கும் இளங்காலைப் பொழுதில், நெல்மூட்டை ஏற்றி வந்த மாட்டு வண்டிகள் நெடுக அவிழ்த்துவிடப்பட்டிருக்க, நெல்லைக் கொடுத்து மீனைக் கொள்ள வந்த உழவர் குடும்பங்கள் மணலிலேயே உலைவைத்து, பிள்ளைகளுக்குத் தலைவாரி, வலைக்காரரோடு வாய்ச்சண்டையிட்டு, ஓராண்டுக்கான உணவை ஒரு கிழமைக்குள் தேடிக்கொள்ளும் ஆரவாரம் அலையோசையை விழுங்கி எழும். விரல் நீள வெள்ளி மீன்கள் குன்று குன்றாய்க் குவிந்து தலைகொய்யப்பட, அத்தலைகளும் குடல்களும் சேற்றோடு குழைந்து வெயில் ஏற ஏற விடும் மூச்சு இருக்கிறதே, அதனைச் சொல்லால் உரைப்பது அரிது. மூக்கால் உணராதோர் நற்பேறு பெற்றோர்.

அந்தச் சேற்றில்தான் சிங்கப்பூரிலிருந்து வந்த பெக் ஹூன் கணுக்கால் புதைய நின்றாள். ஐம்பது கடந்தவள், சுவைப்பொருள் ஆக்கும் நிறுவனமொன்றுக்குக் கொள்முதல் செய்பவள், தன் முகம் தெரியும் பளிங்குத் தரையிலேயே நடந்து பழகியவள். பிராகொக்கு என்னும் புளித்த மீன்விழுதைச் சுவை குன்றாமல், நாற்றத்தை மட்டும் நீக்கி வாங்கி வரவேண்டும், இயலாதெனில் உன் இருக்கை என் தமக்கை மகனுக்கு என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார்.

“அக்கா, கைக்குட்டைய எடுங்க. நீங்க பேசுறதே கேக்கல,” என்றாள் மீன்களம் நடத்தும் நேரி, ஒருகாலத்தில் சிங்கப்பூர் வீடுகளில் பணிசெய்து அவ்வூர் மொழி பயின்றவள்.

“எடுத்தா வாந்தி வரும்.”

“வந்தா வரட்டும். வருஷக்கணக்கா உங்க ஊரு கக்கூஸ கழுவுனேன். ஒரு நாளாச்சும் மூக்கப் பொத்துனேனா?”

பெக் ஹூன் களத்தை நோக்கினாள். பெருங்கூடைகளில் மீனைக் கொட்டி, ஆற்றுநீரில் இறக்கி, பெண்கள் அவற்றின்மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார்கள். கொழுப்பு மஞ்சள் ஏடாய்த் திரண்டு அவர்தம் முழங்காலைத் தழுவி மிதந்தது.

“காலாலயா?”

“பின்ன, கையால மிதிக்க முடியுமா?” என்றாள் நேரி. கூடைப் பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். “உங்களுக்குன்னு தனியா ஒரு சாடி போட்டிருக்கேன். நாத்தமே கிடையாது. தின்னு பாருங்க.”

வேலையை எண்ணி, கண்ணை மூடி, ஒரு துளி எடுத்து நாவில் வைத்தவள், தான் சுவைப்பது மீனா தன் வீட்டுக் குளியலறைத் தரையா என்று பிரித்தறிய மாட்டாமல், சேற்றில் மண்டியிட்டுக் குமட்டினாள்.

“என்ன போட்ட இதுல?”

“எலுமிச்ச சோப்புல மூணு தடவ அலசுனேன்,” என்றாள் நேரி, முகம் வாடி. “உங்க ஊருல சுத்தம்னா அந்த வாசந்தானே அக்கா? நான் வேல பாத்த வீட்டுலயெல்லாம் தட்டு, தரை, குழந்த எல்லாமே அப்படித்தான் மணக்கும்.”

அவ்வேளை, குழந்தையை இடுப்பில் ஏந்திய உழவர் பெண்ணொருத்தி, யாரும் அழையாமலே வந்து, மீன்கொழுப்பு வழியும் கையால் பெக் ஹூனின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். “அடி நேரி, ஊரு விட்டு ஊரு வந்தவளுக்குச் சோப்பையா ஊட்டுவ? மொதல்ல சோறு போட்டியாடி?”

சோறு வந்தது, வாழையிலையில் பொதிந்து சுட்ட பழைய விழுதும், பச்சைக் கத்தரிக்காயும் உடன் வந்தன. பிணவாடை நிகர்த்த அது மூக்கைக் கடக்கும்வரை பகையாயிருந்து, தொண்டை கடந்ததும் உறவாயிற்று. “இன்னும் கொஞ்சம்” என்று தன் வாய் கேட்டதைத் தன் செவி கேட்டு, அவள் தன் நாவையே அருவருத்தாள். நெற்றி தாங்கிய கை இன்னும் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. எத்துணையோ ஆண்டுகளாய் அவளை எவரும் அவ்வாறு கேளாமல் தொட்டதில்லை. சண்டையும் சிரிப்பும் புகையுமாய்க் கிடந்த அந்தக் கரையைக் கண்ணெடுத்துப் பார்த்தவள், இந்நாட்டின்மேல் தனக்குக் காதல் பிறந்துவிட்டதை, காலணிக்குள் புழு நெளிவதை உணர்பவள்போல் உடல் கூச உணர்ந்தாள்.

கைபேசி ஒலித்தது. “என்னம்மா, நாத்தம் போச்சா?” என்றார் முதலாளி.

“போச்சு முதலாளி. கூடவே மீனும் போச்சு.”

“வெளையாடாத. இன்னொரு தடவ கழுவச் சொல்லு.”

“சொல்ல மாட்டேன். நாத்தத்தோட வாங்கறதுன்னா சொல்லுங்க, இப்பவே பேசி முடிக்கிறேன்.”

“அப்ப உன் எடத்த என் மருமகன் பாத்துக்குவான்.”

“பாத்துக்கட்டும்,” என்று கைபேசியை அணைத்தாள்.

நேரி அருகே வந்து நின்றாள். “வேலை போச்சாக்கா?”

“போச்சு.”

“என் சாடியும் போச்சு. சரி விடுங்க. சும்மா ஏன் நிக்கிறீங்க? எனக்கு மிதிக்க ஆள் பத்தல.”

பெக் ஹூன் கூடைக்குள் இறங்கினாள். குளிர்ந்த வழுவழுப்பு விரலிடுக்கில் பிதுங்கிய நொடியில் அவள் அலறிய அலறலுக்கு மாடுகளே திரும்பிப் பார்த்தன. அருவருப்பு அவளை விட்டு அகலவில்லை. காதலும் அதற்கு இடம் கொடுத்து ஒதுங்கவில்லை. நிலவு தேய்ந்ததும் மீன்வரத்து ஓயும், வண்டிகள் பூட்டப்படும், கரை வெறுமையாகும். அவளையும் வானூர்தி கொண்டுபோய்விடும். ஒரு நாட்டை மதிக்க அதன் அழகு போதும். நேசிப்பதோ, முகத்தைச் சுளித்தபடியே காலை எடுக்க மனமின்றி நிற்பது. அன்று பொழுது சாயும்வரை அவள் அவ்வாறே நின்றாள்.