இருபத்திரண்டு கேள்விகளில் மூன்றாவது

எங்கள் அலுவலகத்தில் சத்தம் போடும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. யாரும் கொடுத்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது. வெர்னா க்ரோகர் என்று பெயர். ஆப்பிள்டனில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கிற ஹால்வர்சன் கணிப்பகத்தில் பத்தொன்பது வருடமாகப் போன் பிரிவைக் கட்டி மேய்க்கிறேன். பதினான்கு பேர் விஸ்கான்சின் மாநிலம் முழுவதும் கூப்பிட்டு, யாருக்கு ஓட்டு என்று கேட்பார்கள். அவர்கள் ஒழுங்காகக் கேட்கிறார்களா என்று ஒட்டுக்கேட்பது என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒட்டுக்கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

போன ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் மூக்கு உடைந்தது. ஐந்து சதவீதப் புள்ளியில் ஜெயிப்பார் என்று நாங்கள் சொன்னவர் இந்த மாநிலத்தில் ஒரு புள்ளியில் தோற்றார். எங்கள் கணிப்பை வெளியிடும் பத்திரிகை இந்த முறை ஒரே ஒரு வாய்ப்பு தந்திருந்தது. தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு இதழுக்கு ஒரு மாநிலக் கணிப்பு, அவ்வளவுதான். அதுவும் சொதப்பினால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் போனால் கணிப்பகத்துக்குப் பூட்டு. பதினான்கு பேரும் நானும் வேறு வேலை தேட வேண்டியதுதான். ஐம்பத்தெட்டு வயதில் நான் எங்கே போய் யாரை அதட்டுவேன்?

புதன்கிழமை சாயங்காலம் எண்ணூறாவது ஆளையும் கேட்டு முடித்தோம். ஜனாதிபதி பதவிக்கு மோதுகிற இரண்டு பேரில் செனட்டருக்கு முந்நூற்று எண்பத்தெட்டு, கவர்னருக்கு முந்நூற்று அறுபத்து நான்கு. செனட்டர் மூன்று புள்ளி முன்னே. மற்றக் கணிப்புக்காரர்கள் எல்லோரும் செனட்டர் நான்கு, ஐந்து என்று போட்டிருந்தார்கள். அப்பாடா என்று இருந்தது. செனட்டர் என் ஆள் வேறு. எங்கள் வீட்டுப் புல்வெளியில் செப்டம்பரிலிருந்தே அவர் பேர் போட்ட பலகை நிற்கிறது.

வியாழக்கிழமை காலை ராய்ஸ் டோம்சாக் என் மேஜைக்கு வந்தார். முப்பது வருடம் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களிடம் போன் பேசுகிறவர்களிலேயே மூத்தவரும் அவர்தான், அடங்காதவரும் அவர்தான். ஒரு சின்ன நோட்டை என் காப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சூப்பர்வைசர் அம்மா, இதையும் நேரா குப்பையில போடுவீங்களா, இல்ல ஒரு தடவ படிச்சிட்டுப் போடுவீங்களா?"

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். நீங்கள்தான் இன்னாரா, ஓட்டுப் போடுவீர்களா, யாருக்கு என்பவை முதல் மூன்று. பிறகு பால் விலை, எல்லை தாண்டி வருகிறவர்கள், துப்பாக்கிச் சட்டம், சர்ச்சுக்குப் போகும் வழக்கம், படிப்பு, வருமானம் என்று நீண்டுகொண்டே போகும். நிறையப் பேர் மூன்றாவதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். அதை நாங்கள் அரைகுறை என்போம். அரைகுறையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது இங்கே சட்டம். சட்டம் போட்டவள் நான். இருபத்திரண்டுக்கும் பதில் இருந்தால் மனுஷன், இல்லாவிட்டால் குப்பை என்று ஒவ்வொரு பயிற்சியிலும் மேஜையைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் ராய்ஸ் எல்லோர் எதிரிலும் இதை எதிர்த்துப் பேசினார். ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

நோட்டைப் பிரித்தேன். அவர் பேசியதில் மட்டும் பதினேழு அரைகுறைகள். பக்கத்திலேயே அவர்கள் சொன்னதை எழுதியிருந்தார். 'கவர்னர், வேலையைப் பார்.' 'கவர்னர், இனிமே கூப்பிடாதே.' 'கவர்னர்தான், வேற என்ன வேணும் உனக்கு.' பதினேழில் பதின்மூன்று பேர் கவர்னர்.

தட்டிய பதில் எல்லாம் கம்ப்யூட்டரில் கிடக்கும், யாரும் திறந்து பார்ப்பதில்லை. திறந்தேன். மொத்தம் தொண்ணூற்றிரண்டு அரைகுறைகள். கவர்னருக்கு அறுபத்தாறு, செனட்டருக்கு இருபது, மற்றவர்களுக்கு ஆறு. கூட்டிப் பார்த்தேன். கவர்னர் நானூற்று முப்பது, செனட்டர் நானூற்று எட்டு. முன்னும் பின்னும் மாறிவிட்டது. மறுபடி கூட்டினேன், அதேதான் வந்தது. கையோடு போன தேர்தல் கோப்பையும் திறந்தேன். அதிலும் இதே கதை. ஆறு புள்ளித் தப்பில் பெரும்பாதி அந்தக் குப்பைக்குள் உட்கார்ந்திருந்தது.

ராய்ஸ் நகரவில்லை. நான் நிமிர்ந்து, போன தடவை நீங்கள் சொன்னது சரி, நான் பண்ணியது தப்பு என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"அந்த ஒரு வாரம் ஏரியில நல்லா மீன் கிடைச்சுது. விடுங்க" என்றார் அவர்.

நேராக முதலாளி அறைக்குப் போனேன். நீல்ஸ் ஹால்வர்சன் நல்ல மனிதர், கணக்கில் புலி, தைரியத்தில் கொஞ்சம் குறைச்சல். பயம் வந்தால் புதினா மிட்டாய் சாப்பிடுவார். நான் பேசி முடிப்பதற்குள் நான்கு மிட்டாய் உள்ளே போய்விட்டது. அவர்களுடைய படிப்பு தெரியாதே, வயது தெரியாதே என்று இழுத்தார். வாக்காளர் பட்டியலிலேயே வயதும் ஊரும் இருக்கிறது, அதை வைத்து மாநில விகிதத்துக்குச் சரிக்கட்டலாம் என்றேன். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் என்று அடுத்து ஆரம்பித்தார். அப்படியானால் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டுவிடுகிறேன் என்றேன். எங்கள் தொழிலில் சரிபார்க்க ஒரு சிலரைத் திரும்பக் கூப்பிடுவது வழக்கம்தான். அரைகுறைகளை மட்டும் இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நானே ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது பேரைக் கூப்பிட்டேன், இருபத்தாறு பேர் எடுத்தார்கள். ரஸ்க் கவுண்டியில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண்மணி நான் பெயரைச் சொன்னதுமே பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கே அந்தப் பெரியவர்கிட்ட சொல்லிட்டேனே. கவர்னர். அத எத்தன தடவ சொல்லணும் உங்களுக்கு?"

"இது ஒண்ணுதாங்க கேக்கணும். வேற கேள்வியே இல்ல."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கு அந்தப் பெரியவர மதிச்சுப் பேசியிருப்பேன். எனக்குத் தொண்ணூறு மாடு காத்துக்கிட்டு நிக்குது, நீங்க நான் சர்ச்சுக்குப் போறேனான்னு கேக்கறீங்க."

அவள் பேச்சில் நியாயம் இருந்தது. நானும் மாடு வைத்திருந்தால் வைத்திருப்பேன் போனை. இருபத்தாறு பேரில் இருபத்தைந்து பேர் அன்று சொன்னதையே சொன்னார்கள். ஒருவர் மட்டும் இரண்டு பேருமே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். அத்தனை பேரும் பதில் சொன்ன மறு நொடியே போனை வைத்துவிட்டார்கள். மாறாத மனிதர்கள்.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் பத்திரிகைக்கு எண் போக வேண்டும். நீல்ஸ் வயதும் ஊரும் பார்த்துச் சரிக்கட்டி முடித்திருந்தார். கவர்னர் இரண்டு புள்ளி முன்னே. திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மணி பதினொன்றே முக்கால்.

ஊரே செனட்டர் என்கிறது என்றார். எல்லோரோடும் சேர்ந்து தப்பு பண்ணினால் யாரும் கேட்க மாட்டார்கள், தனியாகத் தப்பு பண்ணினால் சிரிப்பாய்ச் சிரித்துவிடுவார்கள், பேசாமல் சமம் என்று போட்டுவிடலாமா என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பயத்துக்கு ஒரு எண் கொடுப்பதற்கா பதினான்கு பேர் தொண்டை வறள வறளப் பேசினார்கள் என்று கத்திவிட்டேன். வெளியே போன் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நீல்ஸ் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"வெர்னா, உங்க வீட்டு வாசல்ல யார் பலகை நிக்குது?"

"செனட்டர் பலகை."

"அவர் தோக்கப் போறார்னு நீங்களே சொல்றீங்க."

"ஆமா. அவர் ஜெயிக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன். அதனாலதான் சொல்றேன், நீல்ஸ். இந்த எண் எனக்குப் பிடிச்சிருந்தா நீங்க சந்தேகப்படலாம். எனக்கே பிடிக்கல."

அவர் மிட்டாய் டப்பாவை மூடி இழுப்பறைக்குள் போட்டுவிட்டு எண்ணை அனுப்பினார். கவர்னர், இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். டிவியில் ஒருவர் எங்கள் எண்ணைப் படித்துவிட்டுச் சிரித்தே சிரித்தார். போன தடவை வாங்கிய அடியில் புத்தி பேதலித்துவிட்டது என்றார் இன்னொருவர். நான் பயப்படவில்லை. கணக்கு சரியாக இருந்தால் எனக்குப் பயம் வராது, அது பிறவிக் குணம். ஆனால் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய் செனட்டருக்கு ஓட்டுப் போட்டபோது என் எண் தப்பாகிப் போகட்டும் என்று ஒரு ஓரத்தில் ஆசைப்பட்டேன். பதினான்கு பேர் பிழைப்பு ஞாபகம் வந்தது. அந்த ஆசையை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

புதன்கிழமை காலையில் முடிவு தெரிந்தது. விஸ்கான்சினில் கவர்னர் ஒன்றே முக்கால் புள்ளியில் ஜெயித்தார். ஏழு மணிக்கே நீல்ஸ் போன் செய்தார். பத்திரிகை ஆசிரியர் அவரை எழுப்பி, அடுத்த நான்கு வருடமும் நீங்கள்தான் என்று சொல்லியிருக்கிறார். ராய்ஸ் எல்லோருக்கும் கிரிங்கிள் இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு வருகிறாராம், பெக்கான் பருப்பு வைத்தது, எனக்குப் பிடித்தது. நான் சமையலறையில் நின்று சிரித்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். இரண்டுமே மனசிலிருந்துதான் வந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையைப் பிடுங்க வெளியே போனேன். எதிர்வீட்டு லைல் இலை வாரிக்கொண்டிருந்தார். அவர் புல்வெளியில் கவர்னர் பலகை. பதினோரு வருடமாக நாங்கள் பனியைப் பற்றியும் கால்பந்தைப் பற்றியும் மட்டும்தான் பேசுவோம்.

"என்ன வெர்னா, உங்க ஆளு கவுந்துட்டாரே."

"கவுந்துட்டார்" என்றேன். பலகை மண்ணில் இறுகியிருந்தது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன்.

அவர் வாருகோலை ஊன்றிக்கொண்டு நின்றார். என் வேலை அவருக்குத் தெரியும்.

"உங்க கணிப்பு ஆளுங்கள நம்ப முடியாதுன்னு எங்க வீட்ல சொல்லிக்கிட்டே இருப்பேன். இந்தத் தடவ எப்படிச் சரியாப் பிடிச்சீங்க?"

"பேரச் சொல்லிட்டு டக்குனு போன வைக்கறவங்களையும் சேத்துக்கிட்டோம்."

"அட, நானும் அப்படித்தான். போன வாரம் ஒரு கம்பெனி கூப்பிட்டுது. பேரச் சொன்னேன், வச்சிட்டேன்." மறுபடி வார ஆரம்பித்தவர் நிறுத்தினார். "நாலு வருஷம் முன்னாடியும் ஒருத்தங்க கூப்பிட்டாங்க. அப்பவும் எங்க ஆளு பேரத்தான் சொன்னேன். அத சேத்தாங்களா?"

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருபதடித் தெரு. பலகையைக் கையில் பிடித்தபடியே அதைக் கடந்து அவர் வாசலுக்குப் போனேன்.

"இல்ல லைல்" என்றேன். "அப்ப சேக்கல. கூப்பிட்டது எங்க ஆளுங்களாவே இருந்திருக்கலாம், சேக்க வேணாம்னு சொன்னது நான்தான்."